ஏடும் இறுவட்டும்

யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார் என்று நேயர்கள் கற்பனை செய்துகொள்க. அவர் வீட்டு விறாந்தையிலே கண்ணாடிக் கதவிட்ட அலுமாரி ஒன்று உண்டு. மேற்றட்டுகளில் நூல்கள், கீழ்த்தட்டுகளில் இருநூறு திரைப்பட இறுவட்டுகள். கொழும்புக்குப் போன வேளைகளில் வாங்கியவை சில; கடல் கடந்து வாழும் மக்கள் அனுப்பியவை சில. தைப்பொங்கல் இரவு பேரப்பிள்ளைகள் கூடியிருக்க, தாம் இளமையிற் படமாளிகையில் நெரிசலில் நின்று பார்த்த படமொன்றை அவர்களுக்குக் காட்ட விரும்பி, ஓர் இறுவட்டை எடுத்து இயக்குகின்றார். ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் படம் செவ்வனே ஓடுகின்றது. பின்னர் உருவங்கள் சதுரஞ் சதுரமாக உடைகின்றன, ஒலி திக்குகின்றது, ஈற்றில் திரை அசைவற்று நின்றுவிடுகின்றது. இறுவட்டை வெளியே எடுத்து விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றார். அதிலே கீறல் ஒன்றேனும் இல்லை. பெட்டியில் வைத்துப் பேணிய பொருள் எங்ஙனம் கெட்டது என்பது அவருக்கு விளங்கவில்லை.

இவ்வாசிரியரைப் போன்றோர் பலர் இருப்பர். இறுவட்டு தேயாத பொருள், ஆதலின் கெடாத பொருள் என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் தோன்றுதற்குக் காரணமும் உண்டு. பழைய இசைத்தட்டிலே ஊசி உராய்ந்தது. ஒளிநாடாவிலே கருவியின் தலை உராய்ந்தது. ஓடுந்தோறும் அவை தேய்ந்தன. 1982ஆம் ஆண்டு இசை இறுவட்டு விற்பனைக்கு வந்தபோது, அதனைத் தொட்டது ஒளி ஒன்றேயாகும். ஒளிக்கு உராய்வு இல்லை. ஆகவே ஆயிரம் முறை இயக்கினும் இறுவட்டு தேய்வதில்லை என்று கூறியது உண்மையே. ஆனால், தேயாமை வேறு, கெடாமை வேறு. பெட்டகத்தில் மடித்து வைத்த பட்டுச்சேலை உடுத்தாமலே இற்றுப்போவதை அறியாதார் யார்?

இறுவட்டு கெடும் வகையை அறிய விரும்புவோர் முதலில் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். டீ.வீ.டீ. எனப்படும் திரைப்பட இறுவட்டு 1996ஆம் ஆண்டு நவம்பர் மாதம் யப்பானிலும், அடுத்த ஆண்டு அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதன் குறுக்களவு 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். பார்வைக்கு ஒரே தட்டுப்போலத் தோன்றினும், உண்மையில் அஃது 0.6 மில்லிமீற்றர் தடிப்புடைய இரண்டு தட்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்ததாகும். பொலிகாபனேற்று என்னும் தெளிந்த பிளாத்திக்கினால் அத்தட்டுகள் ஆக்கப்படுகின்றன. தட்டின் உட்புறத்தே கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருள் வடிவில் செல்கின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அச்சுருளை நேராக நீட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் நீளும். குழிகளின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு உண்டு. செந்நிற இலேசர் ஒளி அப்பூச்சிற் பட்டுத் திரும்பும்போது, குழியுள்ள இடமும் இல்லாத இடமும் வேறுவேறாக ஒளிரும். அவ்வேறுபாட்டையே கருவி எண்களாக வாசித்துப் படமாகவும் ஒலியாகவும் ஆக்குகின்றது.

இவ்வமைப்பில் நலிந்த இடங்கள் இரண்டு. ஒன்று அலுமினியப் பூச்சு, மற்றையது பசை. விளிம்பிலே பசை சரிவர ஒட்டாதவிடத்து ஈரமும் காற்றும் உள்ளே புகும். அலுமினியம் காற்றோடு சேர்ந்து தன் பளபளப்பை இழக்கும். பளபளப்பு அழிந்த இடத்தில் ஒளி திரும்புவதில்லை. ஒளி திரும்பாத இடத்தில் படமும் இல்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இக்கேடு விரைந்து நிகழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆசிரியருடைய படம் நடுவில் நின்றதன் காரணமும் இங்கே புலப்படலாம். நீண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் இரண்டு அடுக்குள்ள இறுவட்டில் அச்சிடப்படுகின்றன. ஓர் அடுக்கின் கொள்ளளவு 4.7 கிகாபைற்று; இரண்டடுக்கு இறுவட்டின் கொள்ளளவு 8.5 கிகாபைற்று. முதலடுக்கு நடுவிலிருந்து விளிம்புக்குச் செல்லும். இரண்டாம் அடுக்கு பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுவுக்குத் திரும்பி வரும். ஆகவே படத்தின் நடுப்பகுதி இறுவட்டின் விளிம்பை அடுத்தே இருக்கும். ஈரம் முதலிற் புகுவதும் அவ்விளிம்பிலேதான். தொடக்கமும் முடிவும் நலமாயிருக்க நடுக்கதை மட்டும் மறைந்துபோவது இதனால் நேரக்கூடியதே.

இது தொழிற்சாலையில் அச்சிட்ட இறுவட்டின் கதை. வீட்டிலோ கடையிலோ கணினியைக் கொண்டு பதிவுசெய்த இறுவட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதிலே குழிகள் இல்லை. சாயம் ஒன்று பூசப்பட்டிருக்கும். இலேசர் ஒளி அச்சாயத்தைச் சுட்டு அடையாளமிடும். சாயம் வெயிலில் வெளுக்கும் இயல்பினது. இறுவட்டிற் பதிந்த சாயமும் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் விலக்கன்று. திருமண வீட்டுப் படப்பிடிப்பாளர் தரும் இறுவட்டும், பழைய ஒளிநாடாவிலிருந்து மாற்றியெடுத்த இறுவட்டும், பாடசாலைப் பரிசளிப்பு விழா இறுவட்டும் ஆகிய எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இனி, இறுவட்டு கெடும்போது அதை உடையவர் அறியாதிருப்பது ஏன் என்பதைப் பார்த்தல் வேண்டும். ஒளிநாடா கெடும்போது மெல்லமெல்லக் கெட்டது. நிறம் மங்கியது, கோடுகள் விழுந்தன, இரைச்சல் எழுந்தது. உடையவருக்கு எச்சரிக்கை கிடைத்தது. இறுவட்டு அவ்வாறு எச்சரிப்பதில்லை. அதனை அமைத்த அறிஞர்கள், தூசியும் கீறலும் படும் என்பதை முன்னரே அறிந்து, பிழை திருத்தும் எண்களையும் உடன் எழுதி வைத்தனர். டீ.வீ.டீ.யில் எழுதியவற்றுள் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இத்தகைய காவல் எண்களேயாம். எழுத்துச் சில அழிந்தால், எஞ்சியவற்றையும் காவல் எண்களையும் கொண்டு கருவி அவற்றைக் கணித்து நிரப்பிவிடும். திரையிலே குறை ஒன்றும் தோன்றாது. ஆண்டுதோறும் பிழைகள் பெருகும். ஆண்டுதோறும் கருவி அவற்றை மூடி மறைக்கும். காவல் எண்களின் ஆற்றலைப் பிழைகள் விஞ்சும் நாள் ஒன்று வரும். அன்றுதான் படம் சட்டென்று நிற்கும். நோய் முற்றிய பின்னரே வெளிப்படும் உடம்பைப் போன்றது இறுவட்டு. ஆதலின் பிரதி எடுப்பதற்கு உரிய காலம், அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காலமே.

இவ்வறிவு தமிழருக்குப் புதியதன்று. பனையோலை ஏடு நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் ஈரமும் அதற்குப் பகை. இதனை அறிந்த முன்னோர், ஏடு நலிவதற்கு முன்னரே புதிய ஓலையிற் பிரதி செய்தனர். ஏட்டுச் சுவடி ஒன்று இன்று கையிலிருக்கின்றதென்றால், அஃது எழுதிய புலவர் கைப்பட்ட ஓலையன்று. பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று வழிவழி வந்ததாகும். பிரதி செய்வார் அற்றுப்போன நூல்கள் பெயரளவில் நின்றன. பெயரும் இன்றி மறைந்தவை எத்தனையோ. சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார். தமக்குக் கிடைத்த ஏடுகள் எவ்வளவு நலிந்த நிலையில் இருந்தன என்பதை அவர் தம் பதிப்புரைகளில் வருந்தி எழுதியுள்ளார். இன்னும் ஒரு தலைமுறை தாழ்த்திருந்தால் பல நூல்கள் கிடைத்திரா என்பது அவ்வுரைகளைப் படிப்போர்க்குப் புலனாகும்.

திரைப்படத்தின் கதியும் அத்தகையதே. தமிழில் முதற் பேசும் படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு வெளிவந்தது. இன்று அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இல்லை. பிரித்தானியாவிலே பி.பி.சி. நிறுவனம் 1963ஆம் ஆண்டு தொடங்கிய டொக்டர் ஹூ என்னும் தொலைக்காட்சித் தொடரின் பழைய நாடாக்களை, மீண்டும் பயன்படுத்தும் பொருட்டு அழித்துவிட்டது. தொண்ணூறுக்கு மேற்பட்ட பகுதிகளின் படம் அதன் களஞ்சியத்தில் இல்லாமற் போயிற்று. ஆயினும் அப்பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று உண்டு. அவ்வொலியைக் காத்தவர்கள் அதிகாரிகள் அல்லர். தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துத் தம் விருப்பத்துக்காகப் பதிவுசெய்த வீட்டுப் பிள்ளைகளும் ஆர்வலர்களுமேயாவர். உரியவர் அழித்ததை ஒரு வீட்டு மேசை காத்தது.

இறுவட்டு பழுதானால் மற்றொன்று வாங்கலாம் என்று இருப்பார் சிலர். அந்நம்பிக்கையும் தளர்ந்து வருகின்றது. அமெரிக்காவிலே தபால் வழியாக இறுவட்டு வாடகைக்கு விட்டு வளர்ந்த நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அத்தொழிலை நிறுத்திவிட்டது. பதிவுசெய்யும் புளூ-றே இறுவட்டுகளை ஆக்குவதைச் சோனி நிறுவனம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடித்துக்கொண்டது. அதே ஆண்டில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், 2006 முதல் 2008 வரை ஆக்கிய தன் டீ.வீ.டீ.க்களிற் சில கெட்டுவருவதை ஒப்புக்கொண்டு, அவற்றுக்கு மாற்று அளிக்க முன்வந்தது. ஆனால், அச்சில் இல்லாத படங்களுக்கும் உரிமை கைமாறிய படங்களுக்கும் அதே படத்தைத் தர இயலாமையால், அதற்கு ஒத்த விலையுள்ள வேறு படமே தரப்படும் என்று கூறிற்று. வேறு படத்தை வைத்துக்கொண்டு அவ்விறுவட்டின் உடையவர் யாது செய்வார்?

ஆகவே பிரதி எடுத்தல் வேண்டும். எதை முதலில் எடுப்பது என்பது அடுத்த வினா. ஆசிரியர் பொங்கல் இரவு ஏமாற்றத்தின் பின்னர், தாம் மிகவும் விரும்பும் படங்களையே முதலிற் பிரதி செய்ய நினைப்பார். எவரும் அவ்வாறே நினைப்பர். ஆனால் விருப்பத்தின் வரிசை வேறு. ஆபத்தின் வரிசை வேறு. புகழ்பெற்ற படத்தின் பிரதிகள் உலகில் ஆயிரக்கணக்கில் உள்ளன. தம்முடையது அழிந்தாலும் அயலவரிடம் ஒன்று கிடைக்கும். அலுமாரியின் மூலையிலே, கடதாசி உறையில், பெயரும் எழுதப்படாமற் கிடக்கும் ஓர் இறுவட்டில் 2004ஆம் ஆண்டு நடந்த மகளின் திருமணம் இருக்கின்றது. அதனை எடுத்த ஒளிநாடாவைப் பூஞ்சணம் பிடித்ததென்று எறிந்தாயிற்று. அத்திருமணத்திலே எழுந்து நின்று வாழ்த்துரைத்த பெரியவர் இன்று இல்லை. அவர் நடையும் குரலும் உலகம் முழுவதிலும் அந்த ஒரே இடத்தில் மட்டும் உள்ளன. முதலிற் பிரதி எடுக்க வேண்டியது அதுவே. அதன் பின்னர், எங்கும் கிடைக்காத பழைய நாடகங்களும், சிறு நிறுவனங்கள் வெளியிட்டு மறைந்த படங்களும், இலங்கையில் ஆக்கிய தமிழ்ப் படங்களும் வரவேண்டும். எங்கும் கிடைப்பவை கடைசியில் வரலாம்.

பிரதி எடுக்கும் முறை இரண்டு வகைப்படும். இறுவட்டில் உள்ளதை உள்ளவாறே, ஓர் எண்ணும் குறையாமல், ஒரு பெருங் கோப்பாகக் கணினியில் எழுதிக்கொள்வது ஒருவகை. இதனை முழுப்பிரதி எனலாம். படம், ஒலி, துணைத்தலைப்பு, தேர்வுப் பட்டியல் ஆகிய எல்லாம் மூலத்தில் இருந்தபடியே இருக்கும். படத்தை மட்டும் பிரித்தெடுத்து, அளவிற் சிறிதாகச் சுருக்கி வைப்பது மற்றொரு வகை. இதனைச் சுருக்கப்பிரதி எனலாம். இஃது இடத்தை மிச்சப்படுத்தும். கைத்தொலைபேசியில் எடுத்துச் செல்ல உதவும். ஆயினும் சுருக்கும்போது நுண்ணிய விபரங்கள் கைவிடப்படுகின்றன. கைவிட்டதைப் பின்னர் மீட்க இயலாது. சுருக்கத்தை மீண்டும் சுருக்கினால் மேலும் கெடும். முழுப்பிரதியிலிருந்து வேண்டும்போது சுருக்கப்பிரதி செய்யலாம். சுருக்கப்பிரதியிலிருந்து முழுப்பிரதி செய்தல் ஒருபோதும் ஆகாது. எனவே காப்பதற்கு முழுப்பிரதியே தக்கது.

முன்னர் இட நெருக்கடி பெரிது. இரண்டடுக்கு இறுவட்டின் படத்தை ஓரடுக்கு இறுவட்டில் அடக்க வேண்டிப் பலர் படத்தைச் சுருக்கினர். இன்று அத்தேவை இல்லை. ஆசிரியருடைய இருநூறு இறுவட்டுகளும் சராசரி 6 கிகாபைற்று வீதம் இருப்பின், மொத்தம் 1,200 கிகாபைற்று ஆகும். 2,000 கிகாபைற்றுக் கொள்ளளவுள்ள வன்தட்டு ஒன்று கையடக்க நூலின் அளவே உள்ளது. இருநூறு இறுவட்டும் அதில் அடங்கிய பின்னரும் இடம் எஞ்சும்.

வேலை தொடங்குமுன் இறுவட்டைத் துடைத்தல் நன்று. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தல் ஆகாது. சுருளின் போக்கில் ஒரு கீறல் விழுந்தால், தொடர்ச்சியான பல எழுத்துகள் ஒருங்கே அழியும்; காவல் எண்களால் அதனை ஈடுசெய்ய இயலாது. குறுக்கே விழும் கீறல் அத்தனை தீங்கு செய்வதில்லை. வாசிக்கும்போது கருவி ஓரிடத்தில் தடுமாறினால் உடனே மனம் தளரவேண்டுவதில்லை. ஒரு கருவி வாசிக்க மறுத்த இறுவட்டை மற்றொரு கருவி வாசிப்பதுண்டு. நல்ல பகுதிகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்கு மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று முயலும் மென்பொருள்களும் உள்ளன. வேகத்தைக் குறைத்து வாசித்தலும் சில வேளைகளிற் பயன் தரும்.

பிரதி எடுத்து முடிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுதல் பெரும் பிழை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. ஏடு எழுதுவோர் கண் மயங்கி ஓர் எழுத்தை விட்டனர், ஒன்றை மாற்றினர், பாடபேதங்கள் பல இவ்வாறு பிறந்தன. அதனாலேயே ஒருவர் மூலத்தை வாசிக்க மற்றவர் பிரதியைப் பார்த்து ஒப்புநோக்கும் வழக்கம் எழுந்தது. கணினிப் பிரதியையும் ஒப்புநோக்குதல் வேண்டும். இங்கே அவ்வேலை எளிது. ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணித்து அதற்குரிய நீண்ட குறியெண் ஒன்றைத் தரும் முறை கணினியில் உண்டு. கோப்பில் ஓர் எழுத்து மாறினும் குறியெண் வேறாகிவிடும். மூலக் கோப்புக்கும் பிரதிக்கும் குறியெண் ஒன்றாயின் இரண்டும் ஒன்றே. அவ்வெண்ணைக் குறித்து வைத்து, ஆண்டுக்கொரு முறை மீண்டும் கணித்துப் பார்த்தால், பிரதி நலமாயிருக்கின்றதா என்பது தெரியவரும். ஏடெழுதியோர்க்குக் கிட்டாத பேறு இது. இருபதாம் பிரதியும் முதற் பிரதியைப் போலவே பிழையற்றிருக்கலாம். ஒப்புநோக்கியிருத்தல் ஒன்றே வேண்டப்படுவது.

வன்தட்டும் நிலையான பொருளன்று. அதன் ஆயுள் ஆண்டுக்கணக்கே. கீழே விழுந்தால் ஒரு கணத்திலே அழியும். ஆகவே ஒரு வன்தட்டு போதாது, இரண்டு வேண்டும். அவ்விரண்டும் ஒரே அலுமாரியில் இருத்தலும் ஆகாது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறிடத்திற் பிரதி இருந்த நூல்களைப் பின்னர் தேடிப் பெற முடிந்தது. பிரதியற்ற சுவடிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1983ஆம் ஆண்டு யூலை மாதம் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது, இலங்கைத் திரைப்படங்கள் பலவற்றின் மூலச் சுருள்கள் அங்கேயே அழிந்தன. தீயும் வெள்ளமும் ஒரே கூரையின் கீழுள்ள இரண்டு பிரதியையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஒரு வன்தட்டைத் தம் வீட்டிலும், மற்றொன்றை வேறூரில் வாழும் மகள் வீட்டிலும் வைப்பதே முறை. நாலைந்து ஆண்டுக்கொரு முறை புதிய வன்தட்டுக்கு மாற்றி எழுதவும் வேண்டும். ஏடு எழுதுதல் ஒரு முறையோடு முடியாதது போலவே இதுவும் ஒரு முறையோடு முடியும் வேலையன்று.

பிரதி எடுத்தாயிற்று என்று மூல இறுவட்டை எறிந்துவிடுதலும் தகாது. அதனை வெயில் படாத உலர்ந்த இடத்தில், உரிய பெட்டியில், நிமிர்த்தி வைத்தல் வேண்டும். விளிம்பைப் பிடித்தே கையாள வேண்டும். காகிதச் சுட்டி ஒட்டுதல் கூடாது; பெயரெழுத வேண்டின், நீர்மை கலந்த மையுள்ள மென்னுனிப் பேனாவால் நடு வளையத்தில் எழுதலாம்.

நிற்க. இறுவட்டு என்னுடையது, பிரதியும் எனக்கே. இதில் எவருக்கு என்ன தடை என்று கேட்போர் இருப்பர். வினா நேரியதேயாயினும் விடை அத்துணை நேரியதன்று. வீட்டுப் படப்பிடிப்பு இறுவட்டுக்குப் பூட்டு இல்லை. விலைக்கு வாங்கிய படங்களிற் பெரும்பாலானவை பூட்டப்பட்டவை. அவற்றின் உள்ளடக்கம் 40 துணுக்கு நீளமுள்ள திறவுகோலால் மறைக்கப்பட்டுள்ளது. உரிமம் பெற்ற கருவியே அதனைத் திறக்கும். 1999ஆம் ஆண்டு அப்பூட்டைத் திறக்கும் மென்பொருள் ஒன்று வெளிவந்தது. அதில் தொடர்புடையவர் என்று நோர்வே நாட்டைச் சேர்ந்த, அப்போது பதினைந்து வயதேயான யொன் லெக் யொகான்சன் என்னும் சிறுவன்மேல் 2002இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. நேர்மையாக வாங்கிய இறுவட்டைத் தன் கருவியிற் பார்ப்பது குற்றமன்று என்று ஒஸ்லோ நீதிமன்றம் 2003ஆம் ஆண்டு சனவரியில் அவரை விடுவித்தது. மேன்முறையீட்டிலும் அவ்வாண்டின் இறுதியில் அவர் விடுதலை பெற்றார்.

அமெரிக்காவின் நிலை மாறானது. 1998ஆம் ஆண்டின் சட்டம் பூட்டைத் திறப்பதையே தடுத்தது. இறுவட்டுப் பிரதி எடுக்கும் மென்பொருளை விற்ற 321 ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனத்தை 2004ஆம் ஆண்டு நீதிமன்றம் தடைசெய்தது. அவ்வாண்டே அந்நிறுவனம் மூடப்பட்டது. கனடா 2012ஆம் ஆண்டு, உடையவர் காப்புப் பிரதி எடுக்கலாம் என்று சட்டம் செய்தது. ஆயின் பூட்டை உடைத்தல் கூடாது என்றும் அச்சட்டமே கூறிற்று. பிரித்தானியா 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலே சொந்தப் பயனுக்கான பிரதியை அனுமதித்தது. இசைத் துறையினர் வழக்காடினர். 2015ஆம் ஆண்டு யூலையில் உயர் நீதிமன்றம் அவ்வனுமதியை நீக்கிவிட்டது. இலங்கையில் பதிப்புரிமையை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பூட்டிய இறுவட்டைப் பிரதி செய்ய விழைவோர், தாம் வாழும் நாட்டின் சட்டத்தைச் சட்டவல்லாரிடம் கேட்டறிந்த பின்னரே கைவைத்தல் தகும்.

இவ்வழக்கில் இரு பக்கத்தும் நியாயம் உண்டு. ஒரு பிரதி நூறு பிரதியாகித் தெருவில் விலைபோவதைக் கண்ட படத் தயாரிப்பாளர் பூட்டை நாடுவது இயல்பே. முதலிட்ட பணமும் மீளாமல் தொழிலையே விட்டோர் உளர். பூட்டிய இறுவட்டு கெட்டபின் பூட்டுக்குள்ளே பொருள் இல்லாமற் போவதைக் கண்ட உடையவர் மனம் நோவதும் இயல்பே. சட்டம் எவ்வாறாயினும், நேர்மையுள்ள ஒருவர் தாமே வகுத்துக்கொள்ளத்தக்க எல்லை ஒன்றுண்டு. பிரதி விற்பதற்கன்று, இரவல் கொடுப்பதற்குமன்று. மூல இறுவட்டை ஒருவருக்கு விற்றாலோ கொடுத்தாலோ, பிரதியைத் தாம் வைத்திருத்தல் ஆகாது. வாடகைக்கு எடுத்த இறுவட்டையோ நண்பரிடம் வாங்கிய இறுவட்டையோ பிரதி செய்து சேர்ப்பது, காப்பு என்னும் பெயருக்கு உரியதன்று.

ஆசிரியர் இனி என் செய்வார்? பொங்கல் கழிந்த மறுநாள் அலுமாரியைத் திறந்து, பெயரற்ற கடதாசி உறைகளை முதலில் வெளியே எடுப்பாராயின் நன்று. ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, இன்னது என்று ஒரு கொப்பியிற் குறிப்பார். திருமண இறுவட்டு ஓடுமாயின், அன்றே முழுப்பிரதி எடுத்து, ஒப்புநோக்கி, ஒரு வன்தட்டை மகளுக்கு அனுப்புவார். தடுமாறுமாயின், வேறு கருவியில் முயல்வார். வாழ்த்துரையிற் பாதியேனும் கிடைக்கக்கூடும். நின்றுபோன பழைய படத்தைப் பற்றி அவர் அத்தனை கவலைப்பட வேண்டுவதில்லை. அதனை வைத்திருப்போர் ஊரிலே இன்னும் இருப்பர். அடுத்த பொங்கலுக்கு அவர்கள் வீட்டிலிருந்து அவ்விறுவட்டை வாங்கிவந்து, பேரப்பிள்ளைகளுக்கு நடுக்கதையையும் முடிவையும் காட்டலாம்.